குறைந்தபட்சத் தொகை

ஐயாயிரம் கேட்டேன்.
நாலாயிரத்து நூற்றைம்பது வந்தது.
மீதி எண்ணூற்றைம்பது
பிராசசிங் கட்டணம் என்று சொல்லி
ஹோப் காலேஜ் ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொண்டது.
நானும் கேட்கவில்லை.
பரீட்சை ஃபீஸுக்கு மறுநாள் கடைசி.
ஆப் கேட்ட அனுமதிக்கெல்லாம்
கட்டைவிரல் சரி சரி என்று போய்க்கொண்டே இருந்தது.

மாசம் முந்நூறு கட்டினால் போதுமாம்.
‘குறைந்தபட்சம்’.
எவ்வளவு மரியாதையான சொல்!
ஒறம்பரை வந்தவளைப் பார்த்து
“என்ன அவசரம், சித்த உக்காந்துட்டுப் போங்க”
என்பதுபோல.
உட்கார்ந்தேன்.
நாலு மாசம்.

பீளமேட்டு ஹாஸ்டலில் கரண்ட் போன ஒரு ராத்திரி
காஸ்ட் அக்கவுண்டிங் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
முதல்முறையாகக் கூட்டிப் பார்த்தேன்.
கட்டியது ஆயிரத்து இருநூறு.
கடனில் குறைந்தது நானூற்று இருபத்தைந்து.
மாசத்துக்கு நாலு சதம், அவ்வளவுதான்.
இதே கணக்கை வகுப்பில் போர்டில் போட்டுக்
கைதட்டல் வாங்கினவள் நான்.
அங்கே கடன் வாங்கியவர் பெயர் ‘அ’.
‘அ’ என்பவருக்குத் தூக்கம் கெட்டதாகக்
கேள்வியில் இல்லை.

கோடு கிழித்து மற்றதையும் எழுதினேன்.
ராக்கியண்ணன் பேக்கரி,
டீயும் தேங்காய் பன்னும்: அறுநூற்று நாற்பது.
(அவர் நோட்டில் என் பெயர் ‘கண்ணாடிக்காரப் புள்ள’.)
சுகுணப்பிரியா: ஆயிரத்து ஐநூறு.
வட்டி இல்லை. தேதி இல்லை.
அவள் கண்ணில் படாமலிருக்க
மெஸ்ஸுக்கு லைப்ரரியைச் சுற்றிப் போகிறேனே,
அந்தத் தூரத்தை எந்தப் பத்தியில் ஏற்ற?

வைகாசியில் வேலை கிடைத்தது.
அன்னூர், அவிநாசி, பெருந்துறை மண்டபங்களில்
மொய் எழுத.
முகூர்த்தத்துக்கு எழுநூறும் விடியக்காலைப் பந்தியும்.

“சேவூர், நாச்சிமுத்து, ஐநூத்தி ஒண்ணுங்க.”
“எழுதியாச்சுங்களா? ஊர் பேரு போட்டீங்களா?”
ஒருத்தர் லேப்டாப் திரையில் தன் பெயரைத் தேடிப்
பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.
ஒரு அம்மா பழைய நோட்டோடு வந்தாள்.
“எங்க புள்ள கலியாணத்துக்கு இவங்க ஆயிரம் வெச்சாங்க.
ஆயிரத்தி நூறாப் போட்டுக்குங்க.”
பதினோரு வருசத்துக் கணக்காம்.
குரலைத் தாழ்த்தவில்லை அவள்.
நான்தான் குனிந்துகொண்டேன்.

மொய்யும் கடன்தான்.
அதிலும் ‘இவ்வளவுதானா’ உண்டு,
மண்டபத்து வாசலில் முகச்சுளிப்பு உண்டு.
ஆனாலும் நோட்டை விரித்து வைத்துக்கொண்டல்லவா
வாங்குகிறார்கள்.

ஏழு முகூர்த்தம். நாலாயிரத்துத் தொள்ளாயிரம்.
ஆப்பில் அன்றைக்கு
நாலாயிரத்து எழுநூற்று ஐம்பத்தெட்டு.
‘குறைந்தபட்சம்’ பச்சையில் மினுங்கியது.
‘முழுத் தொகை’ அடியில், சாம்பல் எழுத்தில்,
தேடித்தான் எடுக்கவேண்டும்.
எடுத்தேன்.

மூன்றே நொடியில் வாழ்த்து:
இனி நீங்கள் பதினைந்தாயிரம் வரை பெறலாம்.
கணக்கு முடிந்ததற்குச் சான்று கேட்டேன்.
அதற்கு நாலு நாள்.
கொடுக்கும்போது நாலு நிமிஷம்தான் ஆனது.
சான்று வந்த பிறகே ஆப்பை நீக்கினேன்.

மிச்சம் நூற்று நாற்பத்திரண்டு.
ஆடியில் கல்யாணம் கிடையாது;
ராக்கியண்ணனிடம் ஆவணி என்று சொல்லியாயிற்று.
ஒரு பன்னையும் நிறுத்தியாயிற்று.
நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு
லைப்ரரியைச் சுற்றாமல் போனேன்.

“ஆனியில ரெண்டு முகூர்த்தம் இருக்குது.
ரெண்டும் உனக்குத்தான்.”
“அட, நான் மறந்தே போயிட்டேன் புள்ள” என்றாள்.
பொய்.
போனைத் திறந்தாள். குறிப்பில் என் பெயர்,
ஆயிரத்து ஐநூறு,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
நூறைக் கழித்து எழுதினாள்.
கேள்விக்குறியை அழித்தாளா என்று
எட்டிப் பார்க்கவில்லை நான்.